ஹேமக்கில் கீழ்க்குளிர்: எங்கே சில்லிடுகிறது என்று பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ஹேமக்கில், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடுகிற துணிப் படுக்கையில், படுத்துக் குளிர் வாங்கியவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: மேலே இன்னொரு போர்வையைப் போடுவது. கீழேயிருந்து வருகிற குளிருக்கு அது எந்த விதத்திலும் உதவாது. தரையில் படுத்தால் அடியில் மண் இருக்கிறது, கட்டிலில் மெத்தை இருக்கிறது. ஹேமக்கில் உங்கள் முதுகுக்கும் மலைக்காற்றுக்கும் நடுவே இருப்பது ஒரு சுற்று நைலான் துணி மட்டும்தான். ஆகவே கோளாறு கீழே இருக்கும்போது மருந்தும் கீழேதான்.

கீழே எதையோ போட்ட பிறகும் குளிர்கிறது என்றால் அடுத்த கேள்வி, எங்கே குளிர்கிறது? எப்போது தொடங்குகிறது? ஒரே சீராகவா, விட்டுவிட்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உடம்பின் எந்த இடம் சில்லிடுகிறதோ, அந்த இடமே எது பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடும். புதிதாக ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் இருப்பதை அரை சாண் இழுத்துக் கட்டினாலே தீர்ந்துபோகிற கோளாறுகள்தான் இதில் அதிகம்.

கணக்குக்கு நான் எடுத்துக்கொள்வது கொடைக்கானல், நீலகிரிப் பக்கத்து டிசம்பர், ஜனவரி இரவுகள். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். வத்தலக்குண்டில் ராத்திரி 20 டிகிரி இருந்தால், அங்கிருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 8 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில், பள்ளமான இடங்களில் அதற்கும் கீழே போகும். ஊட்டியில் உறைபனி என்று செய்தி வரும்போதெல்லாம் தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். ஹேமக் கட்ட இடம் தேடும்போது இது ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும். ஓடைக்கரையும் புல்வெளிப் பள்ளமும் பார்க்க அழகாக இருக்கும். அங்கிருந்து சரிவில் இருபது, முப்பது மீட்டர் மேலே ஏறிக் கட்டினால் ராத்திரி நன்றாக இருக்கும். அதற்காக உச்சிக்கும் போக வேண்டாம். அங்கே காற்று அடிக்கும்.

(வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் தங்க முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தனியார் தோட்டம், எஸ்டேட், முகாம் இடங்களில் உரிமையாளரைக் கேட்டுக் கட்டுங்கள். தைலமரத்தில் கட்டுவதாக இருந்தால் தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.)

படுத்த பத்து நிமிடத்திலேயே முதுகு முழுக்கச் சில்லென்கிறது

கீழே ஒன்றுமே இல்லை, அல்லது இருப்பது வேலை செய்யவில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்திருப்பவர்களுக்கும் இது நடக்கும். "ஐந்து டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். போட்டிருப்பது பொய்யில்லை. பையின் உள்ளே இருக்கிற பஞ்சோ தூவியோ (வாத்தின் மென்சிறகு) தானாகச் சூடு தராது. அது உப்பி நின்று, தனக்குள் காற்றை அசையாமல் பிடித்து வைத்திருப்பதால்தான் கதகதப்பு. உங்கள் எடை அதன்மேல் விழுந்ததும் முதுகுக்குக் கீழே இருக்கிற பகுதி நசுங்கி, நாள்பட்ட இலவம்பஞ்சு மெத்தை போலத் தட்டையாகிவிடுகிறது. காற்று போனால் கதகதப்பும் போயிற்று. பையின் மேல்பாதி மட்டும் வேலை செய்யும்.

தீர்வு இரண்டு விதம். ஒன்று, எடை விழுந்தாலும் நசுங்காத ஃபோம் பாய். இன்னொன்று, எடையே விழாதபடி ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுகிற மெத்தை, அண்டர்குவில்ட் என்பார்கள். சுகத்துக்கு அண்டர்குவில்ட், சிக்கனத்துக்கும் உறுதிக்கும் பாய் என்பது என் கட்சி. முதல்முறை மலைக்குப் போகிறவர் பாயோடு போவதே நல்லது. அது அறுந்து தொங்காது, நனைந்தாலும் கெடாது, காலையில் விரித்து உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

பாய் என்றால் கடையில் கிடைக்கிற யோகா மேட்டே போதும், ஆனால் கனத்தைப் பாருங்கள். 6 மி.மீ. ஒற்றைப் பாயை 15 டிகிரிக்குக் கீழே நான் நம்பமாட்டேன். இரண்டு பாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கொடைக்கானலைச் சமாளிக்கலாம். ஃபோமுக்குள் இருக்கும் குமிழிகள் மூடியவையாக இருக்க வேண்டும். சோபா பஞ்சு மாதிரி அமுக்கினால் காற்றை விடுகிற ஸ்பாஞ்ச் உங்கள் எடைக்கு நசுங்கும், தண்ணீரையும் குடிக்கும். கடையிலேயே ஓர் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் இரண்டும் தொட்டுக்கொள்கிற அளவுக்கு இளகினால் வேண்டாம்.

காற்றடிக்கிற பாய் வைத்திருப்பவர்கள் அதன் ஆர்-வேல்யூவைப் பாருங்கள். கீழே வெப்பம் போவதை அது எவ்வளவு தடுக்கும் என்கிற எண் அது. பெரிய கம்பெனிகள் இப்போது ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற ஒரே முறையில் அளந்து போடுகின்றன. உள்ளே பஞ்சோ பளபளப்புத் தாளோ எதுவும் இல்லாத வெறும் காற்றுப் பையில் காற்று உள்ளேயே சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டும். பூல் பக்கத்தில் போட்டுப் படுக்கத்தான் அது லாயக்கு. இன்னொன்று, தரையில் அடிப்பது போல விறைப்பாகக் காற்றடித்தால் ஹேமக்கில் படகு மாதிரி நின்று உங்களைச் சரித்துவிடும். பாதிக்குச் சற்று மேல் காற்று போதும்.

ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து ஜிப் போடுவதற்காக ஹேமக்கில் மல்லுக்கட்டவும் வேண்டாம். ஜிப்பைத் திறந்து, கால் பகுதியை மட்டும் மூடி, போர்வை போல மேலே போட்டுக்கொள்ளுங்கள். அடியில் நசுங்கி வீணாகிற பாதி உங்கள் பக்கவாட்டைச் சுற்றிக்கொள்ளும்.

இடுப்பும் பின்புறமும் மட்டும் குளிர்கின்றன. மற்ற இடம் பரவாயில்லை

அண்டர்குவில்ட் கட்டுகிறவர்களின் முதல் தலைவலி இதுதான். மெத்தை இருக்கிறது, இருந்தும் மிகக் கனமான இடத்தில் குளிர்கிறது. இதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றை மற்றொன்று என்று நினைத்துச் சரிசெய்யப் போனால் குளிர் கூடும். ஆகவே பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் இடைவெளி. மெத்தை தளர்ந்து, ஹேமக் துணியிலிருந்து விலகித் தொங்குகிறது. நடுவில் ஒரு குளிர்க்காற்றுப் பை உருவாகிறது. நீங்கள் புரளும்போதெல்லாம் அந்தக் காற்று மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது காரணம் நசுக்கம். மெத்தையை இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். இடுப்பின் எடை இறங்கும்போது மெத்தையும் கூடவே இழுபட்டுத் தட்டையாகிறது. ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளே நடந்த அதே கதை இப்போது வெளியே நடக்கிறது.

கண்டுபிடிக்கக் கூட ஓர் ஆள் இருந்தால் சுலபம். நீங்கள் தூங்குகிற நிலையில் படுத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்துகொண்டு அல்ல. நண்பர் கீழே குனிந்து, இடுப்புக்கு நேராக மெத்தையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைக்கட்டும். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தால் அவர் கைக்கு வெதுவெதுப்பு தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் சூடு கீழே கசிகிறது, மெத்தை அங்கே நசுங்கியிருக்கிறது. வெதுவெதுப்பு இல்லையென்றால் மெதுவாக மேலே அழுத்தட்டும். இரண்டு மூன்று விரல்கடை அளவு சும்மா மேலே போய், அதன் பிறகுதான் உங்கள் உடம்பு தட்டுப்பட்டால் அது இடைவெளி. லேசாக அழுத்தியதுமே மெத்தையின் உப்பல் தெரிந்து, அதன்மேல் உடனே உடம்பு தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தனியாக இருந்தால் படுத்தபடியே கையை ஹேமக்கின் ஓரத்துக்கு வெளியே விட்டு, துணிக்கும் மெத்தைக்கும் நடுவே இடுப்புவரை நுழையுங்கள். கையின் மேல்பக்கத்தில் துணியும் கீழ்ப்பக்கத்தில் மெத்தையும் உரசிக்கொண்டே போனால் நல்லது. கை வீசிக்கொண்டு போனால் இடைவெளி. முட்டி மோதித் தள்ள வேண்டியிருந்தால் நசுக்கம்.

இடைவெளி என்றால் தலைப்பக்கமும் கால்பக்கமும் இருக்கும் எலாஸ்டிக் கயிறுகளை இரண்டு விரல்கடை அளவு குறையுங்கள், படுத்துப் பாருங்கள், இன்னும் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு விரல்கடை. ஒரே மூச்சில் ஒரு சாண் இழுத்துவிட்டால் அடுத்த கோளாறுக்குப் போய்விடுவீர்கள். ஆள் இல்லாதபோது மெத்தை ஹேமக்கின் வயிற்றைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள் ஏறியதும் இரண்டும் சேர்ந்து இறங்கும். வெற்று ஹேமக்கிலேயே மெத்தை தளர்ந்து தொங்கினால் ஏறிய பிறகு அது ஒருநாளும் ஒட்டாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மெத்தையின் இரண்டு முனைகளிலும் சுருக்குக் கயிறு உண்டு, காற்று உள்ளே போகாமல் வாயை மூட. குளிருக்குப் பயந்து அதை இறுக்கோ இறுக்கு என்று இறுக்குவார்கள். முனைகள் அளவுக்கு மேல் சுருங்கினால் நடுப்பகுதி பை போலக் கீழே இறங்கி முதுகை விட்டு விலகும். வாயை மூடப் போய் வயிறு திறந்த கதை. முனை ஹேமக் துணியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற அளவுக்குச் சுருக்கினால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பாய் போட்டுப் படுப்பவர்களுக்கு இடுப்பு மட்டும் குளிர்ந்தால் காரணம் வேறு: பாய் நகர்ந்திருக்கும். ஒற்றைத் துணி ஹேமக்கில் பாயை ஓரிடத்தில் நிறுத்துவது பெரிய பாடு. இரட்டைத் துணி ஹேமக்காக இருந்தால் இரண்டு துணிக்கும் நடுவில் செருகிவிடுங்கள், நகராது. ஒற்றையாக இருந்தால் பாயை ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளே போட்டு அதன்மேல் படுக்கலாம்.

தோள்பட்டையும் கையும் சில்லிடுகின்றன

பாய்க்காரர்களுக்கு இது அகலப் பிரச்சினை. தரைக்கென்று செய்த முகாம் பாய்கள் சுமார் 50 செ.மீ. அகலம், யோகா மேட் 60 செ.மீ. தரையில் அது தாராளம். ஹேமக்கோ உங்கள் தோளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. துணி தொடுகிற இடமெல்லாம் குளிர் ஏறும். இன்னொரு மலிவுப் பாயை வாங்கி, முதல் பாயின் அகலத்தைவிட நீளமாக ஒரு துண்டு வெட்டி, தோள் வருகிற இடத்தில் குறுக்காக வையுங்கள். முதல் பாயோடு சேர்ந்து 'டி' எழுத்து போல இருக்கும். கத்திரிக்கோலும் அகலமான டேப்பும் இருந்தால் வேலை முடிந்தது.

அண்டர்குவில்ட்காரர்களுக்குத் தோள் குளிர்ந்தால் முதலில் மெத்தை கால்பக்கம் சறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஹேமக்கில் கால்பக்கத்தைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் உடம்பு கால்பக்கம் சறுக்காது. மெத்தையும் நீங்களும் இருக்கிற இடத்திலேயே இருப்பீர்கள். அடுத்தது, மூலைவாக்கில் படுப்பது. ஹேமக்கில் நடுக்கோட்டில் நேராகப் படுக்காமல் தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிப் படுத்தால்தான் முதுகு தட்டையாகும். மெத்தை மட்டும் நடுக்கோட்டிலேயே தொங்கினால் வெளியே தள்ளிய தோள் அதன் விளிம்பைத் தாண்டிவிடும். தலை இடப்பக்கம் போனால் மெத்தையின் தலைப்பக்கத்தையும் இடப்பக்கம் இழுத்துவிடுங்கள்.

மூன்றாவது காரணம் ஹேமக்கையே இறுக்கிக் கட்டியிருப்பது. ஊஞ்சல் பலகை போல நேராக இருக்க வேண்டும் என்று பலர் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். ஓரங்கள் எழும்பித் தோளை இரண்டு பக்கமும் நெருக்கும். மெத்தை அந்த ஓரங்களை எட்டிப் பிடிக்க முடியாமல் இடைவெளி விழும். ஹேமக்கை மரத்தோடு கட்டுகிற பட்டை (ஸ்ட்ராப்) கிடைமட்டத்துக்குச் சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 'எல்' போல விரித்து, ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டிப் பட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கிற கோட்டோடு பட்டை ஒட்டிப் போனால் சரி. 30 டிகிரியில் ஒவ்வொரு பக்கப் பட்டையும் ஏறக்குறைய உங்கள் எடையளவு இழுவிசை தாங்கும். கோணம் குறையக் குறைய அது பல மடங்காகும். தோள் குளிர்வது போக, மரத்துக்கும் தையலுக்கும் அது நல்லதல்ல.

ஒவ்வொரு முறையும் கோணம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றால் ரிட்ஜ்லைன் கட்டிவிடுங்கள். ஹேமக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து, மேலே நீளாத கயிறு ஒன்று. அதன் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படுகிற கணக்கு. 3.3 மீட்டர் ஹேமக்குக்கு 2.74 மீட்டர், 2.7 மீட்டர் ஹேமக்குக்கு 2.24 மீட்டர். எந்த மரத்தில் கட்டினாலும் வளைவு ஒரே மாதிரி இருக்கும். வளைவு மாறாவிட்டால் மெத்தையை ஒருமுறை சரிசெய்தது அடுத்த முறையும் செல்லும்.

கால் மட்டும் ஐஸ்

முக்கால் நீள அண்டர்குவில்ட் முழங்காலோடு முடிந்துவிடும். எடை குறைவு என்று வாங்கிவிட்டு, காலுக்கு எதுவும் வைக்காமல் படுத்தால் இப்படித்தான். உட்காரப் பயன்படுத்துகிற சின்ன ஃபோம் துண்டு ஒன்றைக் கெண்டைச்சதையிலிருந்து குதிகால்வரை வையுங்கள். தோள் துண்டு வெட்டிய பாயில் மிச்சம் இருக்குமே, அதுவே போதும். காலுக்குத் தனியாக உலர்ந்த சாக்ஸ். பகலில் நடந்த சாக்ஸ் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். வியர்வை உள்ளேதான் இருக்கிறது.

கதகதப்பாக இருக்கும்போதே திடீரென்று ஒரு குளிர் அலை, பிறகு சரியாகிவிடுகிறது

அது காற்று. மெத்தைக்கும் துணிக்கும் நடுவே தேக்கி வைத்த வெதுவெதுப்பை ஒவ்வொரு வீச்சும் அள்ளிக்கொண்டு போகிறது. மெத்தையைத் தொடாதீர்கள், தார்ப்பாயைப் பாருங்கள்.

மழைக்குக் கட்டுகிற மாதிரி உயரத்தில் கூரையாகக் கட்டியிருந்தால் கீழே இறக்குங்கள். காற்று வருகிற பக்கத்து விளிம்பு, நீங்கள் படுத்திருக்கும்போது ஹேமக்கின் அடிமட்டத்துக்கும் கீழே இருக்க வேண்டும். காற்று தார்ப்பாயின் நீளமான பக்கத்தில் மோத வேண்டும். முனை வழியாக நுழைந்தால் புகைபோக்கி மாதிரி உள்ளே ஓடிவிடும். மலையில் ஒரு விஷயம் கைகொடுக்கும்: அமைதியான இரவில், பொழுது சாய்ந்த பிறகு காற்று சரிவில் மேலிருந்து கீழே வரும். மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிற காற்றைப் பார்த்து அந்தப் பக்கம் மறைத்துக் கட்டினால் ராத்திரி பத்து மணிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வாங்குவீர்கள். மேட்டுப் பக்கத்தை மறையுங்கள்.

தார்ப்பாய் சின்னது என்றால் மழைக்கோட்டையோ போன்ச்சோவையோ மெத்தைக்கு அடியில் தளர்வாகத் தொங்கவிடலாம். மெத்தையை அமுக்காதபடி. காற்றை அது நிறுத்தினால் போதும், இன்னொரு மெத்தையாக இருக்க வேண்டியதில்லை.

முதல் தூக்கம் சுகம். மூன்று மணிக்கு நடுக்கம்

முதல் விஷயம், அது இயல்பு. குளிர் உச்சத்துக்குப் போவது நள்ளிரவில் அல்ல, விடிவதற்குச் சற்று முன்னால். பதினோரு மணிக்குச் சரியாக இருந்த அமைப்பு ஐந்து மணிக்குப் போதவில்லை என்றால் அது நூலிழையில் போதாமல் இருக்கிறது. தொப்பி, ஒரு ஸ்வெட்டர், ஒரு துண்டு ஃபோம், இதில் எதையாவது எழுந்து தேடாமல் கை நீட்டினால் எடுக்கிற மாதிரி ரிட்ஜ்லைனில் தொங்கவிட்டிருக்க வேண்டும். குரங்குக் குல்லாயைக் கேலி செய்பவர்கள் மலையில் மூன்று மணிக்கு அதைக் கடன் கேட்பார்கள்.

தூக்கத்தில் மெத்தை நகர்ந்திருக்கிறதா, எலாஸ்டிக் முடிச்சு நழுவியிருக்கிறதா என்று அந்தக் கை நுழைக்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காற்றடித்த பாய் என்றால் காற்று இறங்கியிருக்கும். குளிரில் காற்று சுருங்குவதாலேயே பாய் கொஞ்சம் தளரும், ஓட்டை என்று பதற வேண்டாம்.

சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தால் போய்விட்டு வாருங்கள். அடக்கிக்கொண்டு படுத்திருந்தால் அரை மணி நேரம் புரள்வீர்கள். ஒவ்வொரு புரளலிலும் மெத்தை விலகும். போய் வந்தால் நாலு எட்டு நடந்த சூடும் மிச்சம். டார்ச் அடித்து ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்குங்கள். கொடைக்கானலில் காட்டெருமை ஊருக்குள்ளேயே உலாவுகிறது.

வெந்நீர் பாட்டில் இந்த நேரத்துக்குத்தான். ஸ்டீல் அல்லது வெந்நீர் தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும். குளிர்பான பாட்டில் இளகிவிடும். ஒற்றைச் சுவர் ஸ்டீலாக இருக்க வேண்டும். பிளாஸ்க் சூட்டை வெளியே விடாது. மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துச் சொட்டவில்லை என்று பார்த்து, ஒரு சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகே ஓடுகிற இடம் அது. பாதத்தில் வைப்பதைவிட உடம்பு முழுக்கச் சூடு பரவும்.

முதுகு ஈரமாக இருக்கிறது, அதனால் குளிர்கிறது

ஈரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. உடம்பு பட்ட இடத்தில் மட்டும் ஈரம் என்றால் உங்கள் வியர்வை. ஃபோம் பாய் மூச்சுவிடாது; கார் கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளி மறைப்பும் அவசரகால வெள்ளித் தாளும் அதைவிட மோசம். பாய்க்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பருத்திப் போர்வை போடலாமா என்று தோன்றும். பருத்தி ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ ஃப்ளீஸோ போடுங்கள்.

தலைமாட்டிலோ கால்மாட்டிலோ தொடங்கி ஈரம் நடுவை நோக்கி வந்திருந்தால் மழைநீர் பட்டை வழியே இறங்கியிருக்கிறது. தார்ப்பாய்க்கு உள்ளே, பட்டையில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு தரைக்குப் போய்விடும். மெத்தையின் அடிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் மண்ணில் தெறித்த மழை, அல்லது மூடுபனி. மலைப்பக்கம் மூடுபனி மழையில்லாமலே நனைத்துவிடும். தூவி மெத்தை ஈரத்தில் கட்டிதட்டி உப்பல் இழந்துவிடும். பாலியெஸ்டர் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு தாங்கும். வடகிழக்குப் பருவமழை முடியாத நவம்பரில் போகிறவர்களுக்கு என் ஓட்டு பாலியெஸ்டருக்கே, எடை கூடினாலும்.

எல்லாம் சரியாக இருக்கிறது; ஆனாலும் குளிர்கிறது

அப்படியானால் கோளாறு மெத்தையில் இல்லை. மெத்தை சூடு உண்டாக்காது, நீங்கள் உண்டாக்குவதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். நடுங்கிக்கொண்டே போய்ப் படுத்தால் நடுக்கத்தைத்தான் காப்பாற்றும். படுப்பதற்கு முன் பத்து நிமிடம் வேகமாக நடங்கள், வியர்க்கிற அளவுக்கு வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். படுக்கும்போது கடலைமிட்டாய் இரண்டு. சரக்கு போட்டால் சூடு என்பது தோலுக்கு வருகிற ரத்தம் செய்கிற ஏமாற்று. அந்தச் சூடு வெளியேதான் போகிறது. இருக்கிற சட்டையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இறுக்கிக்கொண்டாலும் பயனில்லை. கீழே இருப்பவை நசுங்கும். மிச்ச ஜாக்கெட்டை மேலே போர்த்திக்கொள்ளலாம்.

கரி அடுப்பையோ கணப்பையோ ஹேமக்குக்கு அடியில் வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். நைலான் ஒரு பொறிக்குத் தாங்காது. தார்ப்பாயை நாலு பக்கமும் மூடிவிட்டு உள்ளே கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. மலை விடுதி அறைகளில் கரி அடுப்பை வைத்துத் தூங்கி எழாமலே போனவர்கள் செய்தியை நாம் படித்திருக்கிறோம்.

நடுக்கம் அடக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், விரல் சொன்னபடி கேட்காவிட்டால் ஹேமக்கில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இறங்கி, கூட இருப்பவரை எழுப்பி, கார், அறை, எது பக்கமோ அங்கே போங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலே நடுக்கம் நின்று மந்தமானால் அது தேறிவிட்ட அடையாளம் அல்ல, நிலைமை மோசமாகிறது. ஈர உடையை மாற்றி, போர்த்தி, உடனே மருத்துவ உதவிக்குக் கிளம்ப வேண்டும்.

போன வருஷம் நன்றாக இருந்த மெத்தை இந்த வருஷம் குளிர்கிறது

பதினொரு மாதம் பைக்குள் அமுக்கி அலமாரியில் வைத்திருப்பீர்கள். பஞ்சானாலும் தூவியானாலும் நாள்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் பழைய உயரத்துக்கு வராது. பையிலிருந்து எடுத்து உதறி, இரண்டு மணி நேரம் விரித்துப் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தூவி மெத்தையில் வெளிச்சம் கசிகிற இடங்கள் இருந்தால் தூவி ஒரு மூலைக்கு ஒதுங்கியிருக்கிறது. மெதுவாகத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கட்டிகட்டியாக இருந்தால் உடல் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்திருக்கும்: மிதமான சோப்பில் அலசி, பிழியாமல், குறைந்த சூட்டில் டிரையரில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிட்டு, உள்ளே ஒரு கட்டி கூட இல்லாமல் போகும்வரை உலர்த்த வேண்டும். பாலியெஸ்டர் மெத்தை மெலிந்துவிட்டால் மீட்க வழியில்லை. ஒற்றைக் கட்டிலுக்கான பாலியெஸ்டர் கம்ஃபர்ட்டர் ஒன்றை வாங்கி, நீளவாட்டு ஓரம் இரண்டையும் மடித்துத் தைத்து உள்ளே எலாஸ்டிக் கயிறு கோத்து, நாலு முனைகளையும் ஹேமக்கின் இரு முனைகளிலும் மாட்டினால் புது அண்டர்குவில்ட் தயார். அகலம் அதிகமாக இருந்தால் வெட்டாமல் மடித்துத் தைத்துவிடுங்கள்; மடிப்பு முதுகுக்கு நேராக வரட்டும். முடித்ததும் வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை கட்டிப் படுத்து, கை நுழைத்துப் பார்த்து, எலாஸ்டிக்கில் முடிச்சு வர வேண்டிய இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு மூட்டை கட்டுங்கள். பயணம் முடிந்து வந்ததும் அமுக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, பரண்மேல் வைத்துவிடலாம்.